அறை எண் பதினான்கு

கையெழுத்துப் போடும்போது சின்னவருக்கு இருந்த பெருமையைப் போன வாரம் பார்த்தீர்கள். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டது என்ன, பேனாவைத் தட்டிப் பார்த்தது என்ன! ஏதோ நாட்டையே எழுதிக் கொடுப்பவர் மாதிரி, தன் பழைய புத்தகத்தை மறுபடி வெளியிடுவதற்கான அனுமதிப் படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெருமை ஆறே நாளில் அவரைத் தலைகுனிய வைக்கப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சின்னவர் கண்ணாடிக் கடைக்காரர். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்து மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர். ஆனால் இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், அவர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பெயர் 'இருபது கதவு வீடு'. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி ஆடுகிற கதையாட்டத்துக்கான புத்தகம். எந்த அறைக்குள் போனால் யார் நிற்பார்கள், அவர்களை எப்படி ஜெயிப்பது, எல்லாம் அதில் இருக்கும். நானூறு பிரதி அச்சானது. இரண்டு மாதத்துக்குள் கடைகளில் ஒன்றுகூட இல்லை. அதோடு சரி, மறுபதிப்பு வரவேயில்லை.

இப்போது அதை மின்னூலாகக் கொண்டுவருகிறவள் அண்ணன் மகள். இருபத்தைந்து வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டிதான். அச்சில் இல்லாமல் போன ஆட்டப் புத்தகங்களைத் தேடிப்பிடித்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, கணினியில் எழுத்தாக்கி வெளியிடுவது அவள் தொழில். வீட்டு முன்னறைதான் அலுவலகம். சின்னவரிடமே ஒரு பிரதி இல்லாதபோது, எங்கோ ஒரு பழைய ஆட்டக்காரரின் பெட்டியிலிருந்து ஒன்றை வரவழைத்துவிட்டாள் கெட்டிக்காரி.

"ஒரு எழுத்தைக்கூட மாத்தமாட்டோம் சித்தப்பா. அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வரும்" என்று சொல்லியிருந்தாள். சின்னவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

புதன்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, அவள் அனுப்பிய கோப்பைத் திறந்து படித்தார். தன் எழுத்தைத் தானே ரசித்துச் சிரித்தார். எழுபத்தோராவது பக்கம் வந்தது. சிரிப்பு நின்றது.

'அறை 14. இங்கே சாவிக்காரி இருக்கிறாள். சாவி இடுப்பில். சிரிக்கமாட்டாள். விளக்கு எரிந்தால் அணைப்பாள். சண்டை போட்டு இவளை ஜெயிக்க முடியாது. தொட்டில் எங்கே என்று கேட்டால் போதும். மூன்று சுற்றுக்கு அழுதுகொண்டு நிற்பாள். அதற்குள் கதவைத் திறந்துகொள்ளலாம்.'

கடையில் வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் சின்னவருக்குக் காது கேட்டது.

சாவிக்காரி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அண்ணிதான். கல்யாணமாகி இரண்டாம் வருடம், ஏழாம் மாதத்தில் அண்ணிக்குக் குழந்தை தங்காமல் போனது. அதன் பிறகுதான் அண்ணன், அண்ணி, அவர்களோடு இருந்த சின்னவர் என்று மூன்று பேரும் இந்த வீட்டுக்கு மாறி வந்தார்கள். இந்தத் தெருவில் யாருக்கும் விஷயம் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அண்ணனும் அண்ணியும் பேசி வைத்திருந்தார்கள். முன்கூட்டியே ஆசையாக வாங்கிய தொட்டிலைப் பின்னறையில் வைத்துப் பூட்டி, சாவியை அண்ணி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சின்னவருக்கோ அந்தப் பின்னறை வேண்டும். கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஆட வேறு இடமில்லை. கேட்டார். அண்ணி தரமாட்டேன் என்றார். அவ்வளவுதான் விஷயம். அந்தக் கோபத்தில், அண்ணி கையால் சாப்பிட்டுவிட்டு, அதே வீட்டு மேசையில் உட்கார்ந்து, அவர் எழுதி வைத்த பக்கம் அது. எழுதியதையும் மறந்தார், அச்சானதையும் மறந்தார். இத்தனை வருடமாக அண்ணி முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மனுஷன் மறதிக்கு ஒரு அளவில்லையா?

இதில் பெரிய வேதனை என்னவென்றால், புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பதே அண்ணிதான். அச்சகத்தில் இருபத்தாறு வருடம் பிழை திருத்தியவர். அச்சகம் மூடிய பிறகு மகளுக்காக அதே வேலையை வீட்டில் செய்கிறார். கணினியில் படிக்கமாட்டார். தாளில் எடுத்துக் கொடுத்தால் அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு உட்காருவார்.

சின்னவர் விரல் விட்டு எண்ணினார். தொண்ணூற்றாறு பக்கம். அண்ணி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பக்கம் பார்ப்பார். திங்கட்கிழமை ஆரம்பித்தார். எழுபத்தொன்று வர சனிக்கிழமை ஆகும். அப்பாடா என்று இருந்தது.

வியாழக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக, குட்டி கொடுத்த கடவுச்சொல்லைப் போட்டு, கோப்பிலிருந்து அறை பதினான்கை அழித்தார். இன்னும் பாக்கி அண்ணியின் மேசை மேல் இருக்கும் தாள்தான். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார்.

வாசலிலேயே குட்டி பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை வந்தீங்க சித்தப்பா! அறை பதினாலு எங்கே?"

"எங்கேன்னா?"

"புத்தகத்துல பதினோரு இடத்துல 'அறை 14 பார்க்க'னு வருது. தட்டினா நேரா அந்த அறைக்குப் போற மாதிரி இணைச்சு வெச்சிருந்தேன். இப்போ தட்டினா ஒண்ணும் வரல."

சின்னவர் இதை யோசிக்கவேயில்லை. தாள் புத்தகமாக இருந்தால் ஒரு பக்கத்தைக் கிழித்தால் ஒரு பக்கம்தான் போகும். இதில் பதினோரு கதவு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

"ஸ்கேன்ல விட்டுப்போயிருக்கும்மா."

"விட்டுப்போகல. யாரோ அழிச்சிருக்காங்க. காலையில எட்டு இருபதுக்கு." குட்டி அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்க கணக்குல இருந்து சித்தப்பா."

கையும் களவுமாகப் பிடிபட்ட முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஊருக்கெல்லாம் பார்வை சரி செய்கிறவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது வந்து... அது தரமா இல்ல குட்டி. சின்ன வயசுல ஏதோ கிறுக்கினது. அது இல்லாமலே போகட்டுமே."

"என்ன சித்தப்பா விளையாடுறீங்களா? எல்லாருக்கும் பிடிச்ச அறையே அதுதான்! இன்னிக்கு நாலு மணிக்கு வாசகருக்கெல்லாம் முன்னோட்டம் அனுப்புறோம்ல, அதுல போறதே அறை பதினாலுதான். அட்டையிலயும் சாவிக்காரிதான். இங்க பாருங்க." கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "பழைய ஆட்டக்காரர் ஒருத்தர் எழுதியிருக்கார், படிக்கிறேன் கேளுங்க. 'அந்த வருஷம் முழுக்க நாங்கள் சாவிக்காரியைப் பதினெட்டு தடவை அழவைத்தோம். மறக்கவே முடியாது.'"

குட்டி சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. தனக்கு முன்னால் ஒரு அக்காவோ அண்ணனோ இருந்திருக்க வேண்டியது என்பதையே அவளுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

"அழிச்சதை நான் திரும்ப எடுத்துட்டேன். இனிமே கை வெச்சீங்கன்னா கடவுச்சொல்லை மாத்திடுவேன், ஆமா" என்றாள்.

சின்னவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அண்ணி எங்கே?"

"துணி காயப்போட மாடிக்குப் போயிருக்காங்க."

இதுதான் சமயம் என்று உள்ளே நடந்தார். நாற்பத்தொன்பது வயதில், சொந்த அண்ணன் வீட்டில், ஒரு தாளைத் திருடுவதற்காகப் பூனை மாதிரி அடியெடுத்து வைக்கிற நிலைமை. அந்த வெட்கத்திலேயே காது மடல் சுட்டது.

ஜன்னலோர மேசையில் இரண்டு அடுக்கு இருந்தது. ஒன்று படிக்காதது, ஒன்று படித்துக் கவிழ்த்தது. படிக்காத அடுக்கைத்தான் முதலில் எடுத்தார். கடைசித் தாள் அறுபது. அதற்கு முன்னால் ஐம்பத்தொன்பது. எழுபத்தொன்று இல்லை. மறுபடியும் புரட்டினார். ஒன்றிலிருந்து அறுபது வரைக்கும்தான் இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. கவிழ்த்து வைத்த அடுக்கைத் திருப்பினார். தொண்ணூற்றாறு மேலே இருந்தது. எழுபத்தொன்றை உருவி எடுத்தார். சாவிக்காரியைப் பற்றிய வரியில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அண்ணி அதைச் சிவப்பு மையில் போட்டு, ஓரத்தில் அடையாளமும் வைத்திருந்தார். வேறு எதுவும் எழுதவில்லை.

"கடைசிப் பக்கத்துல இருந்துதான் பார்ப்பேன் தம்பி."

அண்ணி கதவருகே வெறும் வாளியோடு நின்றிருந்தார்.

"முன்னாடி இருந்து படிச்சா கண்ணு கதை பின்னாடியே ஓடிடும். பிழை தப்பிடும். அச்சகத்துல சேர்ந்த முதல் வாரமே அப்படித்தான் பழக்கினாங்க."

இருபத்தாறு வருடம் அண்ணி அந்த வேலை பார்த்தார். எப்படிப் பார்க்கிறீர்கள் என்று சின்னவர் ஒருநாள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்று திங்கள், செவ்வாய் என்று விரல் விட்டு எண்ணி ஏமாந்திருக்கமாட்டார்.

"எப்போ... எப்போ படிச்சீங்க அண்ணி?"

"நேத்துக் காலையில."

நேற்றுச் சாயங்காலம் அண்ணி கடைக்கு வந்திருந்தார். கண்ணாடிக் காம்பு லொடலொடவென்று ஆடுகிறது என்றார். இவர் திருகாணியை இறுக்கிக் கொடுத்தார். எல்லாம் தெரிந்துகொண்டு, அந்தக் கண்ணாடியையே மாட்டிக்கொண்டு, "ஒழுங்கா சாப்பிடு, இளைச்சுப் போயிட்டே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது சின்னவருக்கு.

"அண்ணி, நான்... அப்போ எனக்குப் புத்தி..."

"இரு தம்பி. மன்னிப்பெல்லாம் அப்புறம். எனக்கு ஒண்ணு தெரியணும்." அண்ணி வாளியைக் கீழே வைத்தார். "ஒரு ஞாயித்துக்கிழமை உன் கூட்டாளிங்க நாலு பேர் வந்திருந்தாங்க. நான் டீ கொண்டுவந்து வெச்சேன். அதுல நெட்டையா ஒருத்தன் என்னைப் பார்த்து, 'தொட்டில் எங்கே?'ன்னான். எல்லாரும் சிரிச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

சின்னவர் தலையசைத்தார்.

"இந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் கேட்டானா?"

"ஆமா அண்ணி."

"உங்க அண்ணன் யார்கிட்டயும் சொல்லலையா?"

"அண்ணனா? அவர் எதுக்குச் சொல்றார்? நான்தான். எல்லாம் நான்தான் அண்ணி."

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேசை மேலிருந்த அடிக்கோலை எடுத்து, மறுபடி வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

"உன்மேல எனக்குச் சந்தேகமே வரல, அவர்தான் வெளியில சொல்லிட்டார்னு நினைச்சேன்" என்றார் கடைசியில். "அவர் இல்லவே இல்லைன்னார். நான் நம்பல. ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசல தம்பி. குட்டி பிறந்தப்புறம் பேசினேன். ஆனாலும் மனசுல ஒண்ணு வந்தா அவர்கிட்ட முழுசா சொல்றதில்ல. இவர்கிட்ட சொன்னா ஊருக்குப் போயிடும்னு ஒரு நினைப்பு. இருபத்தேழு வருஷம்."

சின்னவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஒரு பக்கத்தைக் கிறுக்கியது மட்டும்தான் தன் குற்றம் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் குடித்தனத்தின் நடுவில் தன் கையால் ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"அதை எடுத்துடறேன் அண்ணி. குட்டி கால்ல விழுந்தாவது எடுத்துடறேன். யார் கண்ணுலயும் படாது."

"எடுக்கக்கூடாது!" அண்ணியின் குரல் உயர்ந்தது. "உனக்கு வெட்கமா இருக்குன்னு எடுக்கப் பார்க்கிற. எனக்கும்தான் வெட்கமா இருக்கு, ஒரு தப்பும் பண்ணாத மனுஷனை இத்தனை வருஷம் தள்ளி வெச்சேனேன்னு. நான் அவருக்குக் காட்டணும். நீயே படிச்சுக் காட்டு. எழுதினவன் நீதானே?"

ஒன்றரை மணிக்கு அண்ணன் வந்தார். பேருந்துப் பணிமனையில் நேரம் குறிக்கிற வேலை. வீட்டுக்கு வருவதிலும் நிமிஷம் தப்பாது. செருப்பைக் கழற்றிவிட்டு, பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினால் தம்பி கையில் ஒரு தாளோடு நிற்கிறார், மனைவி பக்கத்தில் நிற்கிறார். சத்தம் கேட்டுக் குட்டியும் முன்னறையிலிருந்து வந்துவிட்டாள்.

"என்னடா, எல்லாரும் இப்படி வந்து நிக்கிறீங்க?"

"தம்பி ஒண்ணு படிக்கப் போறான். உட்காருங்க" என்றார் அண்ணி.

அண்ணன் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "அறை பதினாலு. இங்கே சாவிக்காரி இருக்கிறாள்" என்று ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்துவிட்டு வகுப்பு முன்னால் நிற்கிறவன் மாதிரி ஒவ்வொரு சொல்லாக வந்தது. சாவி, சிரிப்பு, விளக்கு. தொட்டில் எங்கே என்ற இடம் வந்ததும் குரல் எழும்பவேயில்லை.

"மூன்று சுற்றுக்கு அழுதுகொண்டு நிற்பாள்" என்றார் அண்ணன். "அதற்குள் கதவைத் திறந்துகொள்ளலாம்."

தாள் சின்னவர் கையில்தான் இருந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"அந்த ஞாயித்துக்கிழமையே தெரியும். நீ உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டே. எனக்கு ஒண்ணும் புரியல. மேசை மேல இந்தப் புத்தகம் கிடந்துச்சு. எடுத்துப் படிச்சேன்." அண்ணன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "மறுநாளே கடை கடையாப் போய் இருந்ததையெல்லாம் வாங்கிக் காகித ஆலைக்கு அனுப்பிட்டேன். இதைப் போட்ட அச்சகத்துலயும் இனிமே போடாதீங்கன்னு சொன்னேன்."

ஆக, இரண்டு மாதத்தில் விற்றுத் தீர்ந்த கதை இதுதான்! எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை வாடிக்கையாளரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருப்பார் இந்த மனுஷன்! பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது சின்னவருக்கு.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார் அண்ணி.

"சொன்னா நீ இவனை வீட்டுக்குள்ள விட்டிருப்பியா? அம்மா அப்பா இல்லாத பையன். வேற எங்க போவான்? உன் கோவம் என்மேல இருந்தா நாளாவட்டத்துல ஆறிடும்னு நினைச்சேன்."

"ஆறலையே."

"தெரியும்."

"தெரிஞ்சும் என்னை அப்படியே நினைச்சுக்க விட்டீங்களா?" அண்ணி பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றார். "இவனைக் காப்பாத்தணும்னு நினைச்சீங்க, சரி. என்னை யார் காப்பாத்தறது? கட்டின புருஷனையே நம்பாதவளா இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கேன். கூடவே படுத்து எழுந்துக்கிட்டு நீங்க அதைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"குட்டி இதை மறுபடி கையில எடுத்தப்பவும், வேண்டாம்னா ஏன்னு கேப்பாளேன்னு இருந்துட்டேன்" என்றார் அண்ணன்.

குட்டி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, சாவிக்காரி நீங்களா?" அப்புறம் மெதுவாக, "தொட்டில் யாரோடது?" என்றாள்.

சின்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினெட்டு தடவை என்று சற்று முன்னால் சிரித்துக்கொண்டே படித்தவள் அவள். இப்போது அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீ வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உனக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்."

"நாலு மணிக்கு முன்னோட்டம் அனுப்பணுமேம்மா?"

"நீ கேட்டு முடிச்சதும் அனுப்பறதா வேண்டாமான்னு நீயே சொல்லு. இவங்க ரெண்டு பேரும் இதுல பேசக்கூடாது."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி பின்னறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே முதலில் அண்ணியின் குரல் மட்டும் தணிவாகக் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

அண்ணனும் தம்பியும் கூடத்தில் தனியாக இருந்தார்கள்.

"அண்ணா" என்றார் சின்னவர்.

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

சின்னவரால் உட்கார முடியவில்லை.